'மற்றவை'யில் கிடந்த 11 லட்சம்: ஈஆர்பி வாங்கப்போகும் திருப்பூர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கு வணக்கம்.

நான் 26 ஆண்டுகள் ஸ்டோர்ஸில், அதாவது நூலும் துணியும் வரவு வைக்கும் கிடங்கில், இருந்தவன். மூன்று கம்பெனிகள். நூல் மூட்டை எண்ணுவதில் தொடங்கி ஸ்டோர்ஸ் மேனேஜராக ஓய்வு பெற்றேன். இந்தக் காலத்தில் ஈஆர்பி மென்பொருள் (ஆர்டர், கொள்முதல், கையிருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் மென்பொருள்) ஒரு கம்பெனிக்குள் வந்து இறங்கியதை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு முறை அதை அடக்கம் செய்தபோதும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மூன்றாவது இன்றும் ஓடுகிறது. அது ஏன் ஓடுகிறது, மற்ற இரண்டும் ஏன் படுத்தன என்பது எனக்கு ஓரளவு தெரியும் என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் எனக்குத் தெரிந்த முதலாளி ஒருவர் கூப்பிட்டார். இரண்டு மென்பொருள்களை வாங்கிக் கைவிட்டவர். மூன்றாவதற்கு விலைப்புள்ளிகள் வந்திருந்தன. "இதையாவது பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா" என்று மூன்று கோப்புகளை என் பக்கம் தள்ளினார். வழவழப்பான தாள், வண்ண வண்ண வட்டப்படங்கள். நான் எதையும் பிரிக்கவில்லை. "டையிங்கில், சாயம் ஏற்றும்போது, உங்கள் துணிக்கு எத்தனை சதவீதம் எடை குறைவதாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். "ஆறு" என்றார். சந்தேகம் வந்து, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டார். காஸ்டிங்கில் எட்டு போடுவதாக அந்தப் பெண் சொன்னார். பேப்ரிக் மேனேஜரைக் கூப்பிட்டார். அவர் சிரித்துவிட்டு, "அது கலரைப் பொறுத்தது" என்றார். ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் மூன்று பேர், மூன்று பதில்கள்.

ஆறுக்கும் எட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். 20,000 டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் வேஸ்ட் உட்பட ஒரு பீஸுக்கு 220 கிராம் துணி என்றால், முடித்த துணி 4,400 கிலோ வேண்டும். ஆறு சதவீத இழப்பு என்றால் டையிங்குக்கு 4,681 கிலோ அனுப்பவேண்டும். எட்டு என்றால் 4,783 கிலோ. இடைவெளி 100 கிலோவுக்கு மேல். 50 கிலோ மூட்டையில் இரண்டு மூட்டை நூல். எட்டு என்று வாங்கி ஆறுதான் குறைந்தால், அந்த 100 கிலோ மீதித் துணியாக ரேக்கில் ஏறி அடுத்த ஆயுத பூஜைவரை தூசி தின்னும். ஆறு என்று வாங்கி எட்டு குறைந்தால் கதை இன்னும் மோசம். கடைசி நேரத்தில் எக்ஸ்எல் சைஸுக்குத் துணி பற்றாது. 100 கிலோவுக்காகத் தனியாக ஒரு சின்ன லாட் (ஒரே தடவையில் சாயம் ஏற்றும் தொகுதி) சாயம் ஏற்றவேண்டும், அது முந்தைய லாட்டின் ஷேடோடு ஒத்துப்போகாது, திரும்பவும் ஏற்றவேண்டும், கப்பல் போய்விடும், சரக்கு விமானத்தில் போகும். அந்த விமானச் செலவு உங்கள் லாபத்தை என்ன செய்யும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஈஆர்பி செய்வதெல்லாம் இதுதான். ஆர்டரில் இருந்து பின்னோக்கி நடந்து, எத்தனை கிலோ துணி, எத்தனை கிலோ நூல், எத்தனை லேபிள், எத்தனை பாலிபேக், எந்தத் தேதிக்குள் என்று சொல்வது. அப்படி நடப்பதற்கு ஒவ்வொரு படியிலும் அது ஒரு எண்ணைக் கேட்கும். டையிங் இழப்பு எவ்வளவு? நிட்டிங் இழப்பு எவ்வளவு? ஆர்டருக்கு மேல் எத்தனை சதவீதம் கூடுதலாக வெட்டலாம்? அந்த எண்ணை முடிவு செய்யவேண்டியவர் நீங்கள். மென்பொருள் விற்பவர் அல்ல, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அல்ல. நீங்கள் முடிவு செய்யாவிட்டால், நிறுவ வந்த பையன் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு உங்கள் கம்பெனி அவன் போட்ட எண்ணில் ஓடும்.

நான் பார்த்த முதல் ஈஆர்பி எப்படிச் செத்தது என்று சொல்கிறேன். ஒரு நாளில் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக.

இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். டையிங்கில் இருந்து வேன் வந்து நிற்கிறது. நேவி நிறத்தில் 14 ரோல்கள். டெலிவரி சலானில் ஒரே வரி: 'நேவி, 14 ரோல், 312.4 கிலோ'. ஆனால் ரோல்களின் ஓரத்தில் மார்க்கரால் எழுதியிருந்த லாட் எண்கள் இரண்டு. ஒன்பது ரோல் ஒரு லாட், ஐந்து ரோல் வேறு லாட். ஸ்டோர்ஸில் அன்று இருந்தவன் தர்மபுரிப் பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். திரையில் ஒரு வரிக்கு ஒரு லாட் எண்தான் ஏற்கும். இரண்டு வரிகளாகப் போடவேண்டுமென்றால் ரோல் ரோலாக மறுபடி எடை போடவேண்டும். வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார்; அவர் இன்னும் இரண்டு யூனிட்டுக்குப் போகவேண்டும். சரி என்று ஒரே லாட் எண்ணைப் போட்டு 312.4 என்று தட்டினான். சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி: ஆர்டரில் பாக்கி 305 கிலோதான், அதற்குமேல் வரவு வைக்க முடியாது. போன வாரம் ஷேடு சரியில்லை என்று திருப்பி அனுப்பிய துணியை யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை, அதனால் பாக்கி குறைவாகக் காட்டியது. அவனுக்கு அது தெரிய வழியில்லை. அதிகாரம் உள்ளவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. பையன் 305 என்று போட்டான். திரை பச்சையானது. மிச்சம் 7.4 கிலோவை ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தான்.

அந்த இரவில் இருந்து எங்களிடம் இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று நோட்டில். மறுநாள் கட்டிங்கில் இரண்டு லாட்டும் கலந்தன. உடம்புக்கு ஒரு லாட், கைக்கு ஒரு லாட். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. செக்கிங் டேபிளில் பகல் வெளிச்சம் விழுந்தபோது கையும் உடம்பும் வேறு வேறு நேவியாக நின்றன. அந்தப் பையனை எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டினேன். இன்று யோசித்துப் பார்த்தால், அவன் செய்யக்கூடிய வேறு எதுவும் அந்தத் திரையில் இல்லை. நேர்மையாக எழுத அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் நோட்டின் பின்பக்கம்.

அடுத்தது 'மற்றவை'. அந்த மென்பொருளில் புதிய பொருள் ஒன்றுக்குக் குறியீடு உருவாக்க வேண்டுமானால் தலைமை அலுவலக ஒப்புதல் வேண்டும். ஒழுங்குக்காக வைத்த விதி, தப்பில்லை. ஆனால் ஒப்புதல் வர மூன்று நாள் ஆகும். பட்டன் கொண்டுவந்தவர் மூன்று நாள் வாசலில் நிற்கமாட்டார். ஆகவே எல்லாம் 'மற்றவை' என்ற குறியீட்டில் வரவானது. பட்டன், டேப், ஹேங்டேக், ஊசி, அட்டைப்பெட்டி, ஒரு முறை டேபிள் ஃபேன்கூட. இரண்டு ஆண்டு கழித்து ஆடிட்டர் வந்து பார்த்தபோது 'மற்றவை' என்ற ஒற்றைப் பொருளின் கையிருப்பு மதிப்பு 11 லட்சம். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு பக்கம், கருப்புத் தையல் நூலுக்கு ஒன்பது குறியீடுகள் இருந்தன. 'பிளாக் த்ரெட்', 'த்ரெட் பிளாக்', 'பிளாக் தையல்', புள்ளி வைத்தது, வைக்காதது என்று. ஒரு குறியீட்டில் கையிருப்பு பூஜ்யம் என்று பார்த்து ஆர்டர் போட்டார்கள். பக்கத்துக் குறியீட்டில் 200 கோன் தூங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் திருப்பூர்க்காரர்களின் கோளாறு என்று யாரும் நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999இல் 112 மில்லியன் டாலர் செலவில் புதிய அமைப்புக்கு மாறியது. நான்கு ஆண்டு எடுக்கவேண்டிய வேலையை இரண்டரை ஆண்டாக இறுக்கி, சாக்லேட் விற்பனை உச்சத்தில் இருக்கும் ஹாலோவீன் பண்டிகைக்குச் சற்று முன்பு, ஜூலையில், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் விழுந்தது. இதில் என்னை உட்காரவைத்த தகவல் வேறொன்று. சாக்லேட் இல்லாமல் போகவில்லை. நெரிசல் காலத்தில் கிடைத்த இடத்திலெல்லாம் அடுக்கிவைப்பது அங்கே பழக்கம். அந்த இடங்கள் எதுவும் கம்ப்யூட்டரில் கிடங்காகப் பதிவாகவில்லை என்று பிறகு எழுதினார்கள். சரக்கு இருந்தது, இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டடத்து மாடியில் துணி போட்டுவைக்கும் நமக்கு இது புதிதா என்ன? அவர்களுக்கு 100 மில்லியன் டாலர், எங்களுக்கு 7.4 கிலோ. நோய் ஒன்றுதான்.

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் கதை இன்னும் பாடம். எஸ்ஏபி என்ற ஜெர்மன் கம்பெனியின் ஈஆர்பி மென்பொருளைக் கொண்டு ஏழு ஆண்டு உழைத்து, ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ செலவழித்து, 2018இல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டது. காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது மிகச் சின்ன விஷயம். லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும். மென்பொருள் விற்கும் விலையில் மதிப்பிடும். எங்கள் வழக்கத்தை மாற்றமாட்டோம் என்று மென்பொருளை வளைத்து வளைத்து, கடைசியில் அது முறிந்தது. எதை நாம் மாற்றிக்கொள்வோம், எதை விட்டுக்கொடுக்கமாட்டோம் என்று முதல் நாளே பட்டியல் போட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். நம் ஊரில் வேலை நடக்கும் முறைக்குச் சில நியாயங்கள் உண்டு. ஒரே ஸ்டைலின் துணி இரண்டு டையிங்குக்குப் போகும். பிரிண்டிங் ஒரு இடம், எம்பிராய்டரி ஒரு இடம். தையல் பாதி உள்ளே, பாதி வெளி யூனிட்டுகளில் கூலிக்குச் செய்யும் ஜாப் ஒர்க். இதை எந்த மென்பொருளுக்காகவும் மாற்ற முடியாது. ஆனால் சலானில் லாட் எண் எழுதாமல் அனுப்பும் பழக்கத்துக்கு என்ன நியாயம் இருக்கிறது? அதை மாற்றத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். எஸ்ஏபி 1972இல் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் தொடங்கியது. அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஐசிஐ கம்பெனியின் ஜெர்மன் கிளை. அது ஒரு நைலான் இழை ஆலை. இது எங்கள் தொழிலுக்கு ஒத்துவராது என்று நம்மில் பலர் கையை விரிக்கிறார்கள். அது பிறந்ததே ஒரு இழை ஆலையில் என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பழைய நோட்டுக்கு இனி ஆயுள் குறைவு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததில் இருந்து, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு எந்தச் சலானில் போனது எந்தச் சலானில் திரும்பியது என்ற ஜோடி வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில். சிறு தொழில் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாகவேண்டும். தாமதித்து, ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால் அந்த ஆண்டு அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. நாள் எண்ணுவது சரக்கையோ வேலையையோ நீங்கள் ஏற்றுக்கொண்ட தேதியில் இருந்து. அந்தத் தேதியை எழுதுபவன் யார்? இரவு ஒன்பதே முக்காலுக்கு ஸ்டோர்ஸில் நிற்கும் பையன். கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனம் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் செய்த ஒவ்வொரு திருத்தமும் எப்போது செய்யப்பட்டது என்ற தடம் அழியாமல் இருக்கவேண்டும். கூட்டு வணிகம், தனி உடைமைக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் தடம் இருப்பது நல்லது.

ஆர்கானிக் பருத்தி ஆர்டர் செய்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஜிஓடிஎஸ் என்ற ஆர்கானிக் துணிச் சான்றிதழுக்கான தணிக்கைக்கு வருபவர் அழகான அறிக்கை எதுவும் கேட்பதில்லை. இத்தனை கிலோ ஆர்கானிக் நூல் உள்ளே வந்தது, இத்தனை கிலோ ஆடை வெளியே போனது, நடுவில் போனது எங்கே என்று கேட்கிறார். ஆறா எட்டா என்ற அதே கேள்வி, வேறு வாயில் இருந்து. நாளை ஐரோப்பாவில் ஒவ்வொரு ஆடைக்கும் அதன் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. அதற்கான சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது, துணிமணி முன்வரிசையில் இருக்கிறது. கோட் சூட் போட்டு வந்து இதைச் சொல்லி மென்பொருள் விற்பார்கள். விற்கட்டும். உங்களிடம் பதில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும்.

இரண்டாவது கம்பெனியில் மென்பொருள் நன்றாகவே வந்தது. ரோலுக்கு பார்கோடு, கட்டிங் பண்டிலுக்கு பார்கோடு, பேக்கிங் முடித்து கம்ப்யூட்டரில் பில் போட்டால்தான் கேட் பாஸ் அச்சாகும், கேட் பாஸ் இருந்தால்தான் செக்யூரிட்டி கதவைத் திறப்பார். ஐந்து மாதம் கடிகாரம்போல் ஓடியது. ஒரு சனிக்கிழமை. சம்பள நாள், கூட்டம், கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, துறைமுகத்தில் சரக்கு ஏற்கும் கட்ஆஃப் நேரம் நெருங்குகிறது. எட்டு அட்டைப்பெட்டி கணக்கில் இடித்தது. பேக்கிங்கில் 412 என்று வருகிறது, ஸ்கேன் ஆனது 404. எண்ணிப் பார்க்க அரை மணி நேரம் கேட்டோம். முதலாளி மாடியில் இருந்து இறங்கி வந்தார். "முதலில் வண்டியை அனுப்புங்கள், கணக்கைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்றார். செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கதவு திறந்தது.

அந்த எட்டுப் பெட்டி பிறகு கிடைத்தது, அது பெரிய விஷயமில்லை. அடுத்த வாரத்தில் இருந்து அவசரம் வந்த ஒவ்வொருவரும் "முதலாளி சொன்னார்" என்றார்கள். சிலரிடம் அவர் உண்மையிலேயே சொல்லியிருந்தார், சிலரிடம் சொல்லவில்லை. எதைப் பிரித்துப் பார்ப்பது? மூன்று மாதத்தில் கேட் பாஸ் என்பது வண்டி போன பிறகு அச்சடித்துக் கோப்பில் சேர்க்கும் தாள் ஆனது. ஆண்டு முடிவில் "பணத்தைக் கொட்டியும் இந்த மென்பொருள் சரியில்லை" என்று அதே முதலாளி சொன்னார். நல்ல மனிதர். என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் வந்து நின்றவர். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

மூன்றாவது கம்பெனியில் மென்பொருள் இதைவிடச் சாதாரணமானது. திரைகூட அழகில்லை. ஆனால் அந்த முதலாளி நிறுவுவதற்கு முன்பே நாலு மாதம் எடுத்துக்கொண்டார். டையிங் வாரியாக, கலர் வாரியாக, வெளியே போன எடையும் திரும்பி வந்த எடையும் பழைய சலான்களில் இருந்து எடுத்து ஒரு பெரிய தாளில் எழுதச் சொன்னார். எழுதி முடித்தபோது ஒரே ஒரு டையிங்கில் மட்டும் வெள்ளைத் துணிக்கு இழப்பு தொடர்ந்து கூடுதலாக வருவது கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே காசு மிச்சம். பொருள் குறியீடுகளை ஒருவர் மட்டும்தான் உருவாக்குவார், ஆனால் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் உருவாக்குவார் என்று ஏற்பாடு. சலானில் லாட் எண் இல்லாமல் வந்த வேனை, முதல் மாதத்தில் நாங்கள் 11 முறை திருப்பி அனுப்பினோம். டையிங்காரர்கள் முதலாளிக்கு போன் போட்டார்கள். "ஸ்டோர்ஸில் சொன்னதுதான்" என்றார் அவர். இரண்டாவது மாதத்தில் எல்லாச் சலானிலும் லாட் எண் வந்துவிட்டது. ஆர்டரைவிட அதிகமாக வந்த எடையைத் தடுக்காமல், உள்ளே ஏற்றுக்கொண்டு காரணம் கேட்கும்படி திரையை மாற்றச் சொன்னார். 7.4 கிலோவுக்கு ஒரு இடம் கிடைத்தது.

பதிவு செய்பவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் ஊரில் டேட்டா என்ட்ரி என்றால் பி.காம் முடித்த பெண் ஒருவர், தொழிற்சாலையில் மிகக் குறைந்த மாதச் சம்பளங்களில் ஒன்று, மூலையில் ஒரு மேசை. அங்கே உட்கார்ந்து நாள் முழுக்கச் சலான் தட்டும் அந்தப் பெண்ணுக்குத்தான் எந்த நிட்டிங்காரர் எடையில் விளையாடுகிறார், எந்த மெர்ச்சண்டைசர் தேதியை மாற்றி மாற்றிப் போடுகிறார் என்பதெல்லாம் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஒன்றரை ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்து வருபவர் முதலில் இருந்து தொடங்குவார். மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் நீங்கள் அந்த மேசைக்கு இன்னும் நாலாயிரம் ரூபாய் கூட்டிக்கொடுத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணையும் வாராந்தரக் கூட்டத்தில் உட்காரவையுங்கள்.

மெர்ச்சண்டைசர்களின் எக்செல் கோப்புகளை அழிக்கவேண்டும் என்று ஆலோசகர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஈஆர்பி ஓடும் கம்பெனியில் ஒருவர் தனியாக எக்செல் வைத்திருந்தால், அவருக்கு வேண்டிய ஒரு கேள்விக்கு ஈஆர்பி பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். கோப்பைத் திறந்து பார்த்து அந்தக் கேள்வி என்ன என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 'என் ஸ்டைலின் துணி இன்று எங்கே இருக்கிறது' என்பதாகத்தான் இருக்கும்.

விற்பவர் டெமோ காட்ட வரும்போது அவருடைய உதாரணத்தைப் பார்க்காதீர்கள். அதில் எப்போதும் ஒரு கலர், ஒரு சைஸ், எல்லாம் சொன்ன தேதிக்கு வரும். அப்படி ஒரு ஆர்டரை நான் 26 ஆண்டில் பார்த்ததில்லை. உங்களை மிகவும் அழவைத்த பழைய ஆர்டர் ஒன்றின் கோப்பைக் கையில் கொடுங்கள். ஏழு கலர், ஆறு சைஸ், இரண்டு டையிங், ஷேடு தள்ளுபடியாகி மறுசாயம் போனது, நடுவில் பையர் அளவை மாற்றியது, கடைசியில் கலரும் சைஸும் கலந்து அடுக்கும் அசார்ட்டட் பேக்கிங். இதை முதலில் இருந்து கடைசிவரை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஸ்டோர்ஸ் பையன் கீபோர்டில் உட்காரட்டும், விற்பவர் பின்னால் நின்று சொல்லட்டும். அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஓடவிடும் தேதியையும் உங்கள் ஷிப்மென்ட் நெரிசலுக்கு வெளியே வையுங்கள். ஹெர்ஷி கற்றுக்கொண்டதை நாம் இன்னொரு முறை காசு கொடுத்துக் கற்கவேண்டாம்.

எல்லோருக்கும் ஈஆர்பி வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. 20 தையல் மெஷினோடு ஜாப் ஒர்க் மட்டும் செய்பவருக்கு டேலி கணக்கு மென்பொருளும் ஒழுங்காக எழுதிய சலான் புத்தகமும் போதும். பக்கத்து யூனிட்டில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக வாங்கவேண்டாம். கொஞ்சம் பெரியவர்கள், உரிமத்துக்குப் பணம் இல்லை என்றால், மும்பைக்காரர்கள் எழுதி மூலநிரலையே திறந்துவிட்ட ஈஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றைப் பார்க்கலாம். ஆனால் உரிமம் இலவசம் என்பதால் நாலு மாத வேலை இலவசமாகிவிடாது. அந்தப் பெரிய தாளில் எடையை எழுதத்தான் வேண்டும்.

என்னைக் கூப்பிட்ட முதலாளி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று விலைப்புள்ளிகளையும் உறைக்குள் போட்டு அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வரும் திங்கட்கிழமை அவரும் மெர்ச்சண்டைசரும் பேப்ரிக் மேனேஜரும் ஒரு மேசையில் உட்காரப்போகிறார்கள். ஓராண்டு டையிங் சலான்களை மூட்டை பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். டேட்டா என்ட்ரிப் பெண்ணும் இருக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். ஆறா, எட்டா, கலரைப் பொறுத்ததா என்று நான்கு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு உறையைப் பிரிக்கலாம் என்று பேச்சு.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டோர்ஸ்காரன்,
திருப்பூர்